டேப் சுற்றிவைத்த கம்பி

என் தங்கையின் வலது முழங்கால் இன்று மடங்காமல் இருப்பதற்கு நான் கழற்றிவைத்த ஒரு கம்பி காரணம். அதைவிட மோசமானதை அதன் பிறகு செய்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் மகன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். அதற்கு நான் சொன்ன பொய், குற்றம் முழுவதையும் அவள் கணவர் தலையில் கொண்டுபோய் வைத்துவிட்டது. நான்கு வருடங்களுக்கு மேல் அதை அங்கேயே இருக்க விட்டேன்.

இதை முதலில் எழுதிவிட்டால் மற்றது ஒழுங்காக வந்துவிடும் என்று எண்ணினேன். வரவில்லை. எதற்குப் பின் எது நடந்தது என்பது நன்றாக நினைவிருக்கிறது. ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசிக்கும்போதுதான், இந்த எழுபத்தாறாவது வயதிலும், ஒன்றும் பிடிபடுவதில்லை.

நான் ஒரு நூற்பாலையில் மின்சாரப் பிரிவைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவன். மனைவி போன பிறகு கோவையில் தனியாக இருக்கிறேன். தங்கையின் கணவர் கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டியவர். என்னைவிடச் சில வயது இளையவர். நான் அவரை மாப்ள என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். தறிகளை விற்ற பிறகு காலியாகக் கிடந்த கொட்டகையில் அவருக்கு ஓர் ஆசை முளைத்தது. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் சின்ன வீடு ஒன்று செய்ய வேண்டும். உள்ளே படுக்கை, அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி. தங்கைக்கு ஓட்டல் அறைகளின் படுக்கை விரிப்பு ஆகாது. அதனால் அவளை எங்குமே கூட்டிப்போனதில்லை என்பது அவருடைய குறை.

"ஊட்ட உட்டுட்டுத்தான் ஊரு சுத்தப் போவாங்க. நீங்க ஊட்டையே இழுத்துட்டுப் போறீங்களா?" என்று அவள் கேட்டாள். அன்றிலிருந்து அதற்கு ஊட்டுவண்டி என்று பெயர்.

வெளிநாட்டில் வேலை செய்யும் அவர்கள் மகன் சக்கர அச்சையும் பிரேக்கையும் அனுப்பினான். பிரேக் மின்சாரத்தில் வேலை செய்வது. பெட்டியைப் பிரித்துப் பார்த்த மாப்பிள்ளை உடனே தள்ளி வைத்துவிட்டார். "மச்சான், இது உங்க டிபார்ட்மெண்டுங்க. எனக்குக் கரண்டுன்னா பில்லு கட்டத்தான் தெரியும்."

எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. சக்கரத்தின் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கும். ஓட்டுபவர் காரின் பிரேக்கை மிதித்தால் மின்சாரம் பின்னால் வரும். காந்தம், சுழலும் டிரம்மில் ஒட்டிக்கொண்டு கூடவே இழுபடும். அந்த இழுப்பில் பிரேக் ஷூ விரிந்து சக்கரத்தைப் பிடிக்கும். கூடவே இன்னொரு ஏற்பாடும் இருந்தது. வண்டி ஓடும்போது காரைவிட்டுக் கழன்றுபோனால் என்ன செய்வது? அதற்காக வண்டியின் முன்பக்கம் ஒரு சிறிய பெட்டி, அதில் செருகிய ஒரு முளை. முளையிலிருந்து மெல்லிய இரும்புக் கயிறு ஒன்று காருக்குப் போகும். வண்டி கழன்றால் கயிறு முளையைப் பிடுங்கிவிடும். பிடுங்கியதும், வண்டியிலேயே இருக்கும் பேட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ந்து பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். யாரும் மிதிக்க வேண்டியதில்லை.

இந்த வேலையில் பலர் செய்யும் தவறு, திரும்பிப் போகும் மின்சாரத்தை வண்டியின் இரும்புச் சட்டத்திலேயே விட்டுவிடுவது. துருப் பிடித்த பின் பிரேக் ஒரு நாள் பிடிக்கும், ஒரு நாள் பிடிக்காது. நான் அப்படிச் செய்யவில்லை. இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனியாகத் திரும்பு கம்பி இழுத்தேன். மூட்டுகளில் ஈயம் வைத்தேன். மழைத் தண்ணீர் உள்ளே போகாமல் குழாய் மாட்டினேன். ஓய்வுக்குப் பிறகு அப்படி ஒரு வேலையை நான் செய்ததில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. அவ்வளவு கவனமாக இருந்த அதே ஆள்தான் பின்னால் அந்தக் காரியத்தைச் செய்தான் என்பது எனக்கே விளங்காததால் எழுதுகிறேன்.

வண்டி முடிந்ததும் ஊர்ப் பிள்ளையார் கோயில் முன்னால் நிறுத்திப் பூஜை போட்டோம். சொந்தபந்தம், உறம்பரையெல்லாம் வந்திருந்தார்கள். காரின் நான்கு சக்கரங்களுக்கும் வண்டியின் இரண்டு சக்கரங்களுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. தங்கை ஒரு பெரிய சம்பங்கி மாலையுடன் வந்தாள். காருக்கு ஒரு மாலை இருந்தது. ஊட்டுவண்டிக்கு எங்கே போடுவது? காருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு கயிறு வாகாகத் தொங்குவதைப் பார்த்தாள். மாலை கட்டத்தான் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, அதில் சுற்றி, நழுவாமல் இருக்க இறுக்கி முடிச்சுப் போட்டாள். முளை வெளியே வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை.

கற்பூரம் காட்டி முடித்து மாப்பிள்ளை காரை எடுத்தார். கார் உறுமியது. நகரவில்லை.

"பழம் நசுங்கோணுமுங்க. நசுங்காம எறங்கக் கூடாதுங்க" என்றார் பூசாரி.

மறுபடி மிதித்தார். புகை வந்தது. பழங்கள் வைத்தபடியே இருந்தன.

"சாமிக்கே புடிக்கல போல" என்று பின்னால் ஒரு பெண் குரல் சொன்னது.

"சாமிக்குப் புடிச்சுப் போச்சாயா, அதான் உட மாட்டேங்குது" என்றது இன்னொன்று.

மாப்பிள்ளை கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். "எங்க மச்சான் வெச்ச கரண்டு பிரேக்குங்க. புடிச்சா உடாது. மச்சானாட்டவே!"

கோயில் வாசலே சிரித்தது. நான் குனிந்து தேடி, மாலையோடு தொங்கிய முளையைக் கண்டுபிடித்துப் பெட்டியில் செருகினேன். வண்டி நகர்ந்தது, பழம் நசுங்கியது. தங்கை என்னிடம் வந்து, "இதுல மால போடக் கூடாதுன்னு முன்னாலயே சொல்றதுக்கென்ன உனக்கு?" என்றாள். நானும் சிரித்தேன்.

இனி யாரும் அதில் மாலை கட்டக் கூடாது என்று அந்தக் கயிற்றைச் சுருட்டிக் குட்டையாக்கி வைத்தேன். அது அடுத்த தவறு. இரண்டு நாள் கழித்து ஓட்டிப் பார்க்கலாம் என்று மூவரும் பொள்ளாச்சிப் பக்கம் கிளம்பினோம். உக்கடத்தில் பஸ் ஸ்டாண்டை ஒட்டித் திரும்பும்போது, குட்டையான கயிறு திருப்பத்தில் விறைத்து முளையை இழுத்துவிட்டது. நடுச்சாலையில் சக்கரங்கள் இறுகி நின்றன. பின்னால் பஸ்கள் வரிசையாக ஹாரன் அடித்தன. ஒரு கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏனுங் பெரியவரே, ரோட்டுலயே ஊடு கட்டிக் குடி வந்துட்டீங்களா? பால் காய்ச்சியாச்சுங்களா?" என்று கேட்டார். காருக்குள் தங்கை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் சிரித்ததில் ஒரு தவறும் இல்லை. நான் சாலையில் மண்டியிட்டு முளையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் கொட்டகையில், பேட்டரியிலிருந்து அந்தப் பெட்டிக்குப் போகும் சிவப்புக் கம்பியைக் கழற்றினேன். முனையில் கறுப்பு டேப் சுற்றி ஓரமாக மடக்கி வைத்தேன். நீளமான கயிறு வாங்கி மாட்டிவிட்டு மறுபடி இணைத்துவிடலாம் என்பது எண்ணம். மிதித்தால் பிடிக்கும் பிரேக்குக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு கேலி வரும் என்று நினைத்தேனா, சொல்லும் அளவுக்குப் பெரிதில்லை என்று நினைத்தேனா, தெரியவில்லை.

அதன் பிறகு ஏழெட்டு மாதம் வண்டி ஓடியது. மாதம் ஒருமுறை கருமத்தம்பட்டி போய் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்குவேன். கையால் சுழற்றி, ஷூ லேசாக உரசும் அளவுக்குத் திருகுவேன். காந்தங்களுக்குப் போகும் மின்சாரத்தை மீட்டரில் பார்ப்பேன். பெட்டிக்குள் அந்தக் கறுப்பு டேப் இருக்கும். அதையும் பார்ப்பேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். ஒவ்வொரு முறையும் இன்றைக்கு மாட்டிவிடலாம் என்று நினைத்தேன் என்று சொன்னாலும் முழுக்க உண்மையில்லை. பார்த்தேன், மூடினேன். அவ்வளவுதான்.

விபத்து ஆனைகட்டி போகும் சாலையில் நடந்தது. தடாகம் தாண்டிய ஏற்றத்தில், ஒரு சின்னப் பாலத்தை ஒட்டிய டீக்கடையில் நிறுத்தினோம். தங்கை டீ குடித்துவிட்டு, வண்டியிலிருந்து முறுக்கு டின்னை எடுக்கப் பின்னால் போனாள். ஒரு லாரிக்கு வழிவிட மாப்பிள்ளை காரைச் சற்று முன்னால் எடுத்தார். காரின் பின்னால் ஓர் இரும்புக் குண்டு இருக்கும். அதன் மேல் வண்டியின் கிண்ணம் கவிழ்ந்து உட்கார, மேலே ஒரு பூட்டை மடக்கிவிட வேண்டும். அந்தக் கிண்ணம் குண்டைவிட்டு எழும்பியதை டீ கிளாஸும் கையுமாக நின்று பார்த்தேன். துணைக்குக் கட்டியிருந்த சங்கிலியின் கொக்கி நிமிர்ந்துபோயிற்று. இரும்புக் கயிறு இழுத்தது, முளை பிடுங்கிக்கொண்டு வந்தது. அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஆனால் அதன் பின்னால் மின்சாரம் இல்லை. வண்டி மெதுவாகத்தான் பின்னால் உருண்டது. அம்மணி என்று கத்தினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். பாலத்துச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் அவள் கால் மாட்டிக்கொண்டது.

இரண்டாம் நாள் மகன் வந்து சேர்ந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவைப் பார்த்து அவன் முதலில் கேட்டது இதுதான்: "பூட்டு போட்டீங்களா இல்லீங்களாப்பா?"

"போட்டேன் கண்ணு. போட்ட மாதிரித்தான் இருக்குது. எப்பவும் போடுவனே." மாப்பிள்ளை தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மடக்கினோமா என்று கையிடம் கேட்பதுபோல.

மகன் என் பக்கம் திரும்பினான். பிரேக்கை அனுப்பியவன் அவன். அவனுக்குத் தெரியும். "அது கழண்டாலும் வண்டி தானா நின்னிருக்கோணுமே மாமா?"

"பேட்டரி எறங்கியிருக்கும் கண்ணு" என்றேன்.

பேட்டரிக்குச் சார்ஜ் போடுவது மாப்பிள்ளையின் பொறுப்பு. அதை அவன் அறிவான். அவர் அறிவார். அங்கிருந்த உறம்பரை எல்லோரும் அறிவார்கள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. ஆமாம், இறங்கியிருக்கும் என்று ஏற்றுக்கொள்கிற பார்வை. அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை என்று பலநாள் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். யோசிக்காமல் சொன்ன பொய்யை யோசித்து யோசித்துக் காப்பாற்றினேன் என்பதும் எனக்குத் தெரியும்.

தங்கை கம்பு ஊன்றி நடக்கத் தேறினாள். ஆனால் மாப்பிள்ளை ஓட்டும் காரில் ஏற மறுத்துவிட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. எங்கே போவதானாலும் ஆட்டோ வரச் சொல்வாள். போர்டிகோவில் கார் நிற்கும், வாசலில் ஆட்டோ வந்து நிற்கும். மாப்பிள்ளை அவளைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு அந்த ஆட்டோவுக்குப் பின்னாலேயே போவார்.

உறம்பரைக்கு அது பேச்சாயிற்று. விபத்து நடந்து நான்கு வருடம் கழித்தும், ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவர் அவர் தோளில் கை போட்டு, "ஏனுங், கார நல்லாப் பூட்டிப்போட்டு வந்தீங்களா? பொறகு மண்டபத்துக்குள்ள வந்துறப் போவுது!" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். சற்று நேரம் கழித்து அவரைக் காணோம் என்று தேடிப்போனேன். வெயிலில் காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு கதவாக இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சும்மா ஒருக்கா பாத்துக்கலாம்னுங்க மச்சான்" என்றார். வீட்டிலும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கேஸ் அடுப்பு, கேட், மோட்டார் சுவிட்ச், எதை மூடினாலும் மூடினோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறார். தன் கையை அவர் நம்புவதில்லை.

அடுத்த வாரம் கருமத்தம்பட்டிக்குப் போனேன். காப்பி டம்ளர் கையில் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். பேட்டரி இறங்கவில்லை, கம்பியைக் கழற்றினது நான்தான் என்று.

மாப்பிள்ளை தலையை ஆட்டி மறுத்தார். "நீங்க இப்படித்தான் ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு தெரியுமுங்க. நெம்ப நல்ல மனசுங்க உங்களுக்கு. உடுங்க மச்சான். என் தப்ப நீங்க வாங்கிக்க வேண்டாம்."

"மாப்ள, நெசமாச் சொல்றேன்."

"அண்ணனுக்கு வயசாயிப் போச்சு. ஊட்டுல தனியா உக்காந்து என்னென்னமோ நெனச்சுக்குது" என்றாள் தங்கை சமையலறையிலிருந்து. "சாப்புட்டுப் போண்ணா."

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. திட்டுவார்கள், அழுவார்கள், வெளியே போகச் சொல்வார்கள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். நம்பமாட்டார்கள் என்று நினைக்கவில்லை. ஒரு கணம் மனம் அதில் சாய்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லியாயிற்று, அவர்கள் ஏற்கவில்லை, நான் என்ன செய்ய? அப்படியே சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம்.

ஊட்டுவண்டி கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடியே நின்றது. விற்க அவருக்கு மனம் வரவில்லை, தொடவும் வரவில்லை. அவர் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போனேன். பெட்டியைத் திறந்தேன். சிவப்புக் கம்பி மடக்கியபடியே இருந்தது. முனையில் டேப் தூசி படிந்து இறுகியிருந்தது. "இது எலி கடிச்சு விட்டது இல்ல மாப்ள. டேப்பு தானா சுத்திக்காது."

வண்டியின் பேட்டரி இத்தனை வருடத்தில் செத்துப்போயிருந்தது. வீட்டு இன்வெர்ட்டரின் பேட்டரியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தோம். சக்கரங்களுக்குக் காற்று அடித்தோம். முதலில் கம்பி இல்லாமல் முளையைப் பிடுங்கினேன். "தள்ளுங்க" என்றேன். தள்ளினார். வண்டி சிமெண்டுத் தரையில் உருண்டது. பிறகு டேப்பைக் கிழித்துக் கம்பியை இணைத்து, மறுபடி முளையைப் பிடுங்கினேன். அவர் தள்ளினார். அரைச் சாண் நகர்ந்து நின்றுவிட்டது. தோளைக் கொடுத்துத் தள்ளினார். நானும் சேர்ந்து தள்ளினேன். அசையவில்லை. டிரம்முக்குள் காந்தம் பிடித்துக்கொண்டிருந்தது.

அவர் வண்டியின் முன் சட்டத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"அப்ப நான் அன்னிக்குப் பூட்டு போட்டனா, இல்லீங்களா மச்சான்?"

"அது எனக்குத் தெரியல மாப்ள."

"நீங்களும் பாக்கலீங்களா?"

"காலைல கெளம்பறப்ப நான் கார்ல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தேன்."

"அப்ப அது யாருக்குமே தெரியாதுங்களா?" என்றார். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது என்று அப்போது புரிந்தது. அதைக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. நான் கொண்டுபோனது வேறொன்று.

தங்கை கம்பை ஊன்றிக்கொண்டு கொட்டகை வாசலில் நிற்பதை நாங்கள் கவனிக்கவில்லை. எவ்வளவு நேரமாக நின்றாளோ. நின்றுபோன வண்டியையும் என்னையும் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரில எம் பையன் கேட்டானாமா. பேட்டரி எறங்கிருக்கும்னியாமா. அப்ப உனக்கு இது தெரியுமாண்ணா?"

"தெரியும் அம்மணி."

அவள் திரும்பி வீட்டுக்குப் போனாள். கம்புச் சத்தம் மட்டும் கேட்டது. அன்று யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. மகனுக்கு அங்கிருந்தே ஃபோன் செய்து நானே சொன்னேன். அவன் "சரிங்க மாமா" என்று வைத்துவிட்டான். பிறகு, அந்தக் கல்யாண மண்டபத்துச் சம்பந்தி வீட்டிலிருந்து தொடங்கி, உறம்பரையில் கேலி பேசியவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்துச் சொன்னேன். சிலர் நம்பினார்கள். சிலர் தலையாட்டிவிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் மாப்பிள்ளை ஃபோன் செய்தார். குரலில் ஒரு பதற்றம். "இன்னிக்கு அவளே வந்து முன் சீட்டுல ஏறி உக்காந்துட்டாளுங்க மச்சான். ஆர்.எஸ்.புரத்துல டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்தோம். ஒண்ணுமே சொல்லல. லாரி வந்தா மட்டும் கதவப் புடிச்சுக்கறா." இப்போது அவர்கள் எங்கும் சேர்ந்துதான் போகிறார்கள். அவர் இன்னும் கேட்டைத் திரும்பிப் போய்ப் பார்க்கிறார். முன்னைவிடக் குறைவு என்று அவர் சொல்கிறார். ஊட்டுவண்டியை அப்படியே வைத்திருக்கிறார். முளையைச் செருகிவிட்டார், கம்பியைக் கழற்றவில்லை.

தங்கை என்னோடு பேசாமல் இல்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஊரில் ஆட்டோக்காரரும் கடைக்காரரும் சண்டைக்கு வருபவரும்கூட 'ங்க' சேர்த்துத்தான் பேசுவார்கள். என் தங்கை மட்டும் பிறந்ததிலிருந்து என்னிடம் அதைச் சேர்த்ததில்லை. வா, போ, உனக்கென்ன என்றுதான் பேசுவாள். கொட்டகையில் கேட்ட கேள்விதான் அப்படிக் கடைசி. அதன் பிறகு நான் போனபோது, "வாங்கண்ணா. உக்காருங்க. காப்பி வெக்கட்டுங்களா?" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டிருப்பார்கள். அது தண்டனையா, அல்லது இத்தனை நாள் காட்டாத மரியாதையை இப்போது காட்டுகிறாளா, அல்லது தன்னையறியாமல் வருகிறதா? கேட்கவும் முடியவில்லை. கேட்டால் அதற்கும் 'ங்க' போட்டுப் பதில் சொல்வாள்.

போன வாரம் அவளே கூப்பிட்டாள். "கண் டாக்டர்கிட்டப் போகோணும்னு சொன்னீங்களாமா. வெள்ளிக்கிழம நாங்க கோயமுத்தூர் வாரோமுங்க. வந்து கூட்டிப் போறமுங்க."

"எதுக்கம்மணி உங்களுக்குச் செரமம்? நான் ஆட்டோவுல போய்க்கறேன்" என்றேன்.

ஃபோனில் பின்னால் மாப்பிள்ளை எதையோ சாத்தும் சத்தம் கேட்டது.

"பயப்படாம வாங்கண்ணா" என்றாள். "அவரு நல்லாத்தான் ஓட்டுறாருங்க."

அது அழைப்பா, குத்தலா என்று எனக்குத் தெரியவில்லை. வாரேன் என்று சொல்லியிருக்கிறேன்.